கழிமுகத்திலிருந்து கடாரம் வரை: காதிர் முஹ்யித்தீன் மரைக்காயர் விட்டுச்சென்ற நிலம்

வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம், கிழக்கே வங்கக்கடல். இம்மூன்றுக்கும் இடைப்பட்ட ஈரநிலமே பிச்சாவரம். சுரபுன்னையும் வெண்கண்டலும் அடர்ந்த அதன் உப்பங்கழிகளைக் காண இன்று உலகெங்கிலுமிருந்து மக்கள் வருகின்றனர். படகேறிச் சுற்றிப் பார்த்துத் திரும்பிச் செல்கின்றனர். ஆனால் இக்கழிமுகத்திற்கு வேறொரு வரலாறும் உண்டு. அது இங்கிருந்து புறப்பட்டுப் போனவர்களின் வரலாறு. பிச்சாவரத்திற்கு வடக்கே, வெள்ளாறு கடலோடு கலக்கும் இடத்தில் நிற்கும் பரங்கிப்பேட்டை அந்த வரலாற்றின் வாசல். மஹ்மூது பந்தர் என்றும் போர்ட்டோ நோவோ என்றும் அழைக்கப்பட்ட அத்துறைமுகத்திலிருந்து கப்பலேறியவர்களுள் ஒருவரைப் பற்றியே இக்கட்டுரை. அவர் காதிர் முஹ்யித்தீன் மரைக்காயர். பினாங்குத் தீவின் வரலாறு அவரைக் கப்பித்தான் கிளிங் என்று அறியும்.

நம் முன்னோரைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் வணிகத்தை மட்டுமே பேசுகிறோம். கப்பல், துணி, மிளகு, முத்து என்று பட்டியல் நீளும். நிலத்தைப் பற்றிப் பேசுவது குறைவு. ஆனால் எந்தக் குடியேற்றமும் நிலத்தில் கால் ஊன்றாமல் நிலைத்ததில்லை. காதிர் முஹ்யித்தீன் கடலோடி, நாகுதா, வணிகர். அவரை ஏர் பிடித்த உழவர் என்று சொல்வதற்கில்லை. எனினும் காடாகக் கிடந்த ஒரு தீவை ஊராக்கிய முதல் தலைமுறையின் தலைவர்களுள் அவரும் ஒருவர். அவர் விட்டுச்சென்றவற்றுள் இன்றும் எஞ்சியிருப்பது கப்பலன்று, நிலமே. அந்த நிலத்தின் கதை நமக்கு இன்று மிகவும் தேவைப்படுகிறது.

புறப்பாட்டின் காரணங்கள்

பதினெட்டாம் நூற்றாண்டின் பரங்கிப்பேட்டை செழிப்பான துறைமுகம். நெசவூர்களில் நெய்து, அவுரியில் நீலம் தோய்த்த துணிகள் இங்கிருந்து அச்சேக்கும் கெடாவுக்கும் மலாக்காவுக்கும் சென்றன. திரும்பும் கப்பல்களில் ஈயமும் பாக்கும் வந்தன. கெடாவிலிருந்து யானைகளும் சோழமண்டலக் கரைக்கு வந்து இறங்கின. சோழர் காலத்துத் தமிழர் கடாரம் என்றழைத்த நாடே இந்தக் கெடா. இராசேந்திர சோழனின் படை சென்ற அதே கடல்வழியில், எண்ணூறு ஆண்டுகளுக்குப் பின் மரைக்காயர்களின் கப்பல்கள் துணிமூட்டைகளோடு சென்றுகொண்டிருந்தன.

அப்பயணத்தைக் காற்றே வகுத்தது. தென்மேற்குப் பருவக்காற்று கப்பலைக் கிழக்கே தள்ளும். வடகிழக்குப் பருவக்காற்று திருப்பிக் கொண்டுவரும். இடைப்பட்ட மாதங்களை வணிகர்கள் அக்கரையிலேயே கழிக்க வேண்டும். சில மாதத் தங்கல் சில ஆண்டுகளாகும். அங்கே ஒரு வீடு அமையும். பின்னர் ஒரு குடும்பமும் அமையும். இவ்வாறு கெடாவின் கரையோரத்தில் சோழமண்டலக் கரை முஸ்லிம்கள் தலைமுறைகளாக வாழ்ந்துவந்தனர். அவர்களை அங்குள்ளோர் சூலியர் என்றழைத்தனர்.

கடலின் இழுப்பு ஒருபுறம் என்றால், நிலத்தின் துயரம் மறுபுறம். 1780-இல் ஹைதர் அலியின் படைகள் கர்நாடகச் சமவெளியில் இறங்கின. 1781 ஜூலை 1-ஆம் நாள் பரங்கிப்பேட்டையிலேயே அவருக்கும் ஆங்கிலத் தளபதி அயர் கூட்டுக்கும் பெரும்போர் நடந்தது. போர் நடக்கும் ஊரில் உழவும் நெசவும் ஒருசேர நிற்கும். வயல்கள் தரிசாயின, தறிகள் ஓய்ந்தன. ஊரைவிட்டுப் போவது அக்காலத்தில் ஆசையின் விளைவு மட்டுமன்று, பிழைப்பின் கட்டாயமுமாகும்.

காடு திருத்திய தீவு

1786 ஆகஸ்டு 11-ஆம் நாள் ஃபிரான்சிஸ் லைட் பினாங்குத் தீவை ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பெனிக்காகக் கைக்கொண்டார். தீவு அப்போது பெரும்பாலும் காடு. குடியேற வருவோர் தம்மால் இயன்ற அளவு காட்டை வெட்டித் திருத்தி, அந்நிலத்தைத் தமக்குரியதாக்கிக் கொள்ளலாம் என்று லைட் அறிவித்தார். அக்கரையில் கெடாவில் வாழ்ந்திருந்த சூலியர்கள் தொடக்கத்திலேயே அங்கு வந்து சேர்ந்தனர். அவர்களுள் காதிர் முஹ்யித்தீனும் இருந்தார்.

எட்டாண்டுகள் கழித்து, 1794-இல் லைட் தம் மேலிடத்துக்கு அனுப்பிய அறிக்கையில் சூலியரைப் பற்றி எழுதியுள்ளார். அங்கு நிலைத்துவிட்டவர்கள் ஏறத்தாழ ஆயிரம் பேர் என்றும், ஆண்டுதோறும் சோழமண்டலக் கரைக் கப்பல்களில் ஆயிரத்து முந்நூறு முதல் இரண்டாயிரம் பேர் வரை வந்து, உழைத்துச் சில வெள்ளி சேர்த்துக்கொண்டு ஊர் திரும்புகின்றனர் என்றும், அவர்களின் இடத்தை அடுத்து வருவோர் நிரப்புகின்றனர் என்றும் அதில் குறிக்கிறார். இவ்வறிக்கையைப் படிக்கும்போது நம் காலத்துத் துபாய், ஜித்தா, சிங்கப்பூர்ப் பயணங்கள் நினைவுக்கு வராமல் இரா. போக்குவரத்துக் கருவி மாறியிருக்கிறது. வாழ்வின் அமைப்பு மாறவில்லை.

ஆங்கிலேயன் ஒருவன் தன் வணிக நலனுக்காக அறிவித்த விதி அது. ஆயினும் வந்திறங்கிய நம் முன்னோருக்கு அவ்விதி முற்றிலும் புதியதன்று. பாழ்நிலத்தை உயிர்ப்பித்தவருக்கே அந்நிலம் உரியது என்பது இஸ்லாமியச் சட்டவியலில் இஹ்யாவுல் மவாத் என்ற பெயரால் விரிவாகப் பேசப்படும் கோட்பாடு. ஆட்சியாளரின் அனுமதி வேண்டும் என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்து. அனுமதி கட்டாயமன்று என்பது இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் கருத்து. தமிழகக் கடற்கரை முஸ்லிம்களில் பெரும்பாலோர் ஷாஃபிஈ வழியினர். நிலத்தை வேலியிட்டு வைத்துக்கொண்டு மூன்றாண்டுகள் வரை பண்படுத்தாமல் விட்டவருக்கு அதன்மேல் உரிமை இல்லை என்று கலீஃபா உமர் (ரலி) அவர்கள் விதித்ததும் அச்சட்டவியலில் இடம்பெறும் செய்தியே. வேலி போடுவது உரிமையாகாது, உழைப்பே உரிமை. இக்கருத்தை நினைவில் நிறுத்திக்கொள்வோம். பின்னர் இதற்குத் திரும்ப வருவோம்.

தீவின் தொடக்ககால நம்பிக்கை மிளகு. 1790-இல் சீனர் தலைவர் கோ லே ஹுவான் அச்சேயிலிருந்து மிளகுக் கொடிகளைக் கொண்டுவந்து நட்டார். காடு மிளகுத் தோட்டங்களாயிற்று. ஐரோப்பியப் போர்களால் விலை வீழ்ந்தபோது தோட்டங்கள் பல கைவிடப்பட்டன. அடுத்து வந்தது சாதிக்காய். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் நோய் தாக்கி அதுவும் அழிந்தது. முன்னோடிகளின் வாழ்வு வெற்றிகளின் வரிசையன்று. காட்டுக் காய்ச்சலில் மாண்டோரும் கடனில் மூழ்கியோரும் ஏராளம். லைட்டும் 1794-இல் காய்ச்சலால்தான் இறந்தார். அச்சூழலில் நிலைத்து நின்றவர் காதிர் முஹ்யித்தீன்.

பதினெட்டு ஏக்கர்

1801-ஆம் ஆண்டு அவர் வாழ்வின் திருப்பம். துணை ஆளுநர் ஜார்ஜ் லீத் அவரைச் சூலியர்களின் தலைவராக, கப்பித்தானாக அமர்த்தினார். முறையான நீதிமன்றம் அமையாத காலம் அது. 1807-இல் வழங்கப்பட்ட நீதிச் சாசனத்திற்குப் பிறகே அங்கு நீதிமன்றம் வந்தது. அதுவரை ஒவ்வொரு சமூகத்தின் வழக்கையும் அச்சமூகத்தின் கப்பித்தானே தீர்த்து வைத்தார். திருமணம், பாகப்பிரிவினை, கூலித் தகராறு என எல்லாமே அவர் திண்ணைக்குத்தான் வந்தன. கலிங்கம் என்ற சொல்லிலிருந்து பிறந்த கிளிங் என்னும் பெயர் அன்று தென்னிந்தியரைக் குறித்த பொதுச்சொல். பிற்காலத்தில் அது இழிவுப் பொருள் பெற்றுவிட்டது. பழைய பட்டத்தில் மட்டும் மதிப்போடு எஞ்சி நிற்கிறது.

அதே ஆண்டில் பள்ளிவாசலுக்காகக் கும்பெனி 18 ஏக்கர் நிலம் வழங்கியது. அதில் எழுந்ததே கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். அருகிலேயே நாகூர் ஆண்டகையின் நினைவாக ஒரு தர்காவும் அந்நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. சூலியர் தெரு என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. பதினெட்டு ஏக்கர் என்பது ஒரு பள்ளிவாசலுக்குத் தேவையானதைவிட மிகப் பெரியது. தொழுகைக் கூடம், அடக்கத்தலம், வந்திறங்குவோர் தங்க இடம், பள்ளியின் செலவுக்கு வருவாய் தரும் மனைகள் என ஓர் ஊரையே தாங்கும் அளவு அது. சமூகம் ஒன்று புதிய மண்ணில் நிலைக்க வேண்டுமானால் அதன் பொதுச்சொத்து தனிச்சொத்துக்கு முன்பே அமைய வேண்டும் என்பதை அத்தலைமுறை அறிந்திருந்தது.

காதிர் முஹ்யித்தீன் கம்போங் கோலம் பகுதியில் வாழ்ந்தார். கோலம் என்பது நம் குளம் என்ற சொல்லே. கடை என்பது கெடாய் ஆனது. கப்பல் என்பது கப்பால் ஆனது. நம் முன்னோரின் தடம் மலாய்மொழியில் இவ்வாறு சொற்களாகவும் கிடக்கிறது. அவர் 1834-இல் இறையடி சேர்ந்தார். கம்போங் கோலத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். தம் நிலத்தை வக்ஃபாக எழுதிவைத்துவிட்டே அவர் சென்றார்.

பெயர் மாறிய பேரப்பிள்ளைகள்

குடிபெயர்வு ஒருவரோடு முடிவதன்று. மரைக்காயர் என்ற பட்டம் பினாங்கில் மெரிக்கான் ஆயிற்று. மெரிக்கான் குடும்பங்கள் பினாங்கிலும் கெடாவிலும் பரவின. மலாய்ப் பெண்களை மணந்தோரின் வழியில் ஜாவி பெக்கான், ஜாவி பெரானாக்கான் எனப்படும் புதிய சமூகம் உருவாயிற்று. அச்சமூகம் எழுத்திலும் அச்சிலும் முன்னே நின்றது. 1876-இல் சிங்கப்பூரில் வெளிவரத் தொடங்கிய முதல் மலாய் இதழின் பெயரே ‘ஜாவி பெரானாக்கான்’. பேரப்பிள்ளைகளின் வீட்டுமொழி மலாய் ஆயிற்று. பரங்கிப்பேட்டை என்ற ஊர்ப்பெயர் சிலருக்கு நினைவாக எஞ்சியது; பலருக்கு அதுவும் இல்லை.

இக்கரையில் இருந்த குடும்பத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கடலோர மரைக்காயர் ஊர்கள் பலவற்றில் வீடு மகளுக்கே உரியது. மருமகன் வந்து சேர்பவன். ஆண்கள் கடல் கடந்திருக்க, வீட்டையும் தோப்பையும் குத்தகைக் கணக்கையும் பெண்களே நடத்தினர். கப்பலேறியவரின் பெயர் தெருவுக்கு வைக்கப்பட்டது. ஊரைத் தாங்கியவரின் பெயர் எங்கும் எழுதப்படவில்லை. முன்னோடி என்ற சொல்லுக்குள் அப்பெண்களும் அடங்குவர் என்றே நாம் கருதுகிறோம்.

வக்ஃபுக்கு நேர்ந்தது

காதிர் முஹ்யித்தீனின் மறைவுக்குப் பின் அந்நிலத்திற்கு என்ன நேர்ந்தது என்பதே இவ்வரலாற்றின் கசப்பான பகுதி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்குள் பள்ளிவாசல் நிலத்தில் வீடுகளும் கடைகளும் நெருக்கமாக எழுந்துவிட்டன. யார் குடியிருப்பவர், யார் வாடகைதாரர், யார் உரிமையாளர் என்ற கணக்குக் குழம்பியது. நிர்வாகத்தினரிடையே பூசல்கள் மூண்டன. ஆவணம் தெளிவில்லாத இடத்தில் வலியவரின் சொல்லே ஆவணமாகும். இறுதியில் காலனிய அரசு 1905-இல் சட்டம் இயற்றி, முஸ்லிம், இந்து அறநிலையங்களுக்கென ஒரு வாரியத்தை ஏற்படுத்தி நிர்வாகத்தைத் தன் கைக்குள் கொண்டுவந்தது. நெருக்கடியான வீடுகள் அகற்றப்பட்டன. பள்ளிவாசல் கட்டடக் கலைஞர் நியூபிரானரின் வடிவமைப்பில் மாடங்களோடும் மினாராவோடும் பெரிதாக்கப்பட்டது. 2008-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்த ஜார்ஜ் டவுனின் அடையாளங்களுள் ஒன்றாக அது இன்று நிற்கிறது.

கட்டடம் அழகுற்றது உண்மை. ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. நூறாண்டுகள் தாமே நடத்திவந்த சொத்தை ஒரு சமூகம் அரசின் கையில் விட்டது. அகற்றப்பட்ட வீடுகளில் தலைமுறைகளாக வாழ்ந்த எளியோர் இடம்பெயர்ந்தனர். ஆங்கிலேயரின் ஆதிக்க மனமும் அதற்குக் காரணம்தான். எனினும் உள்ளிருந்து கணக்குச் சிதைந்திராவிட்டால் வெளியிலிருந்து கை நீட்ட வழி கிடைத்திராது. வக்ஃபு செய்தவரின் எண்ணம் மட்டும் ஒரு நிலத்தைக் காக்காது. அதை ஆண்டுதோறும் எழுதி, அளந்து, கணக்குக் காட்டுபவர்களே காக்கிறார்கள்.

கழிமுகத்து நிலங்கள்

இனி நம் ஊருக்குத் திரும்புவோம். பிச்சாவரம், கிள்ளை, பரங்கிப்பேட்டை வட்டாரத்தில் பயிர் செய்வது எளிதன்று. கடல்நீர் ஏறும் வாய்க்கால்கள். கோடையில் மேலெழும் உப்பு. முதல் மழைநீரைத் தேக்கி, உப்பைக் கரைத்து வடித்துவிட்டே இங்கு நாற்று நடமுடியும். களர்ப்பாலை, குழியடிச்சான் போன்ற உவர் தாங்கும் நெல்வகைகளைக் காவிரிக் கடைமடை உழவர்கள் தலைமுறைகளாகக் காத்துவந்தது இதனால்தான். 1836-இல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே அணைக்கரையில் கீழணையைக் கட்டியபின் சிதம்பரம் பகுதிக்குப் பாசனம் உறுதியாயிற்று. அதற்கு முந்தைய தலைமுறைகள் ஆற்றின் போக்கையும் மழையையும் நம்பியே உழுதன.

அலையாத்திக் காடும் இப்பாடத்தையே சொல்கிறது. ஆங்கிலேயர் காலந்தொட்டுக் காட்டின் பகுதிகள் ஒட்ட வெட்டப்பட்டன. வெட்டிய இடம் காய்ந்து தாழ்ந்து பள்ளமாயிற்று. புகுந்த கடல்நீர் வெளியேற வழியின்றித் தேங்கி, உப்பு மிகுந்து, எதுவும் முளைக்காத பாழ்நிலமாயிற்று. 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களோடு சேர்ந்து மீன்முள் வடிவில் கால்வாய்கள் வெட்டி, ஓதநீர் வந்து போக வழி செய்தன. கன்றுகள் நடப்பட்டன. காடு மீண்டது. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை எழுந்தபோது அக்காட்டின் பின்னிருந்த குடியிருப்புகள் பல பேரிழப்பிலிருந்து தப்பின. பாழ்நிலத்தை உயிர்ப்பித்தல் என்பது நம் கண்முன் நடந்த நிகழ்வு.

நிலம் இங்கு சமூகங்களை இணைத்தும் வந்திருக்கிறது. மாசிமகத் தீர்த்தவாரிக்காக ஸ்ரீமுஷ்ணம் பூவராகர் கிள்ளைக்கு எழுந்தருளும்போது, தைக்காலில் உள்ள தர்காவின் சார்பில் முஸ்லிம்கள் மரியாதை செய்யும் வழக்கம் இன்றும் தொடர்கிறது. நெடுங்காலமாக ஒருவர் வயலின் வரப்பில் மற்றவர் நடந்து சென்றதன் விளைவு அது.

அத்தகைய நிலங்களின் இன்றைய நிலை என்ன? வீட்டுக்கு ஒருவரேனும் வெளிநாட்டில் இருக்கும் ஊர்கள் நம்முடையவை. வயலில் இறங்க ஆளில்லை. குத்தகைக்கு விட்டால் நிலம் கைவிட்டுப் போகுமோ என்ற அச்சம். 2011 டிசம்பர் 30-இல் வீசிய தானே புயல் கடலூர் மாவட்டத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தபின் தோப்பு வைப்பதில் பலருக்கு மனம் விட்டுப்போயிற்று. தரிசாகக் கிடக்கும் நிலம் மனையாகிறது. பட்டா இறந்துபோன பாட்டனார் பெயரிலேயே இருக்கிறது. வாரிசுகள் மூன்று நாடுகளில் இருக்கிறார்கள். ஃபராயிள் சட்டப்படி யாருக்கு எத்தனை பங்கு என்பது ஆலிமுக்குத் தெரியும். எந்தப் புல எண்ணில் எத்தனை சென்ட் என்பது யாருக்கும் தெரியாது. வக்ஃபுச் சொத்துகளை உமீத் தளத்தில் பதியவேண்டும் என்று 2025-இல் விதி வந்தபோது, பள்ளிவாசல் நிர்வாகங்கள் பழைய பெட்டிகளைத் திறந்து மூலப்பத்திரம் தேடிய அவதியை நாம் அறிவோம். பினாங்கில் நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் நடந்தது தொலைதூரச் செய்தியன்று.

நாம் செய்ய வேண்டியவை

அன்புச் சகோதர சகோதரிகளே, முன்னோரைப் பற்றிய பெருமிதம் எளிது. அவர்கள் விட்டுச்சென்றதைக் காப்பது கடினம். செய்யத்தக்கவை பெரியனவும் அல்ல. விடுப்பில் ஊர் வருபவர்கள் வீட்டுப் பெரியவர்களிடம் அமர்ந்து, குடும்பத்தில் யார் எந்த ஆண்டில் எந்த ஊருக்குப் போனார்கள், எந்த நிலம் யாரிடமிருந்து வந்தது என்பதைக் கேட்டு எழுதிவைக்கட்டும். எண்பது வயதைக் கடந்த ஒருவர் மறையும்போது ஒரு பெட்டி நிறைய ஆவணங்கள் ஊமையாகின்றன. பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று ஆகியவற்றை எடுத்துப் பார்க்கட்டும். இறந்தவரின் பாகத்தை ஆண்டுக்கணக்கில் பிரிக்காமல் வைத்திருப்பது சகோதரிகளின் உரிமையை மறுப்பதாகவே பெரும்பாலும் முடிகிறது என்பதையும் உணரட்டும். பள்ளிவாசல் வக்ஃபு நிலங்களின் எல்லையையும் குத்தகையையும் ஆண்டுக்கொருமுறை ஜமாஅத்தார் முன் வாசிப்பது வழக்கமாகட்டும்.

தானே உழ இயலாதவர் நம்பிக்கையான உழவரிடம் முறையான குத்தகை எழுதி நிலத்தைக் கொடுக்கலாம். அதுவும் இயலாவிட்டால் வரப்போரமேனும் மரங்கள் வைக்கலாம். மரம் நடுதலும், அதிலிருந்து பறவை உண்பதும்கூடத் தர்மம் என்று கற்பித்த நபி (ஸல்) அவர்களின் உம்மத்தினர் நாம். நமக்குச் சட்டப்படி உரிமையான நிலத்தை உமர் (ரலி) அவர்களின் விதி பறித்துவிடாது. ஆயினும் வேலி மட்டும் போட்டு உழைப்பை மறந்த கைகளைப் பற்றி அவர் கொண்ட எண்ணம் நம் மனத்தை உறுத்தத்தான் வேண்டும்.

காதிர் முஹ்யித்தீன் மரைக்காயர் ஏறிய கப்பலின் ஒரு பலகையும் இன்று இல்லை. அவர் விற்ற துணியின் ஒரு நூலும் இல்லை. அவர் பொதுவுக்காக ஏற்றுப் பேணிய நிலத்தில் ஐவேளையும் பாங்கொலி கேட்கிறது. தொழ வருவோரில் பலருக்கு அவர் பிறந்த ஊரின் பெயர் தெரியாது. தெரியாமலே அவர் நிழலில் நின்று தொழுகிறார்கள். எழுதி வைக்கப்பட்டதும், கணக்குக் கேட்கப்பட்டதும், உழைப்பிடப்பட்டதுமான நிலம் அதை விட்டுச்சென்றவருக்கு நிலையான தர்மமாகிறது. நம் கழிமுகத்து வயல்களுக்கும் அந்த நற்பேறு கிடைக்க வேண்டுமானால், அடுத்த பருவமழைக்கு முன் நாம் தொடங்க வேண்டும்.

கடல் கடந்தோரின் உழைப்பையும், கரையில் காத்திருந்தோரின் பொறுமையையும் அல்லாஹ் பொருந்திக்கொள்வானாக. அவர்கள் நம்மிடம் விட்டுச்சென்ற அமானிதத்தைக் காக்கும் ஆற்றலை நமக்கு வழங்குவானாக. ஆமீன்.